வெல்வெட் ஜெயித்தாளா இல்லையா? கோப்பை எங்கிருந்து வந்தது?

செல்லுலாய்டு:
நேற்று இங்கே ஒருவர் "நேஷனல் வெல்வெட்" படத்தைப் பற்றி நீட்டி முழக்கியிருந்தார். 1944இல் வந்த படம். பன்னிரண்டு வயது எலிசபெத் டெய்லர்தான் வெல்வெட் என்ற பெண், முடியை வெட்டிக்கொண்டு ஆண் ஜாக்கி போல் வேஷம் போட்டு, இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கத்து எயின்ட்ரீயில் கிராண்ட் நேஷனல் என்ற தடைதாண்டும் குதிரைப் பந்தயத்தில் ஓட்டுவார். அதுவரை சரி. "கடைசியில் கோப்பையோடு ஊர் திரும்புகிறாள், 2021இல் அதே பந்தயத்தை ஜெயித்த முதல் பெண்ணான ரேச்சல் பிளாக்மோர் செய்ததை 77 வருஷம் முன்பே செய்துவிட்டாள்" என்று முடித்திருக்கிறாரே, படத்தைக் கடைசி வரை பார்த்தாரா, நடுவில் தூங்கிவிட்டாரா? எல்லைக் கோட்டைத் தாண்டியதும் வெல்வெட் குதிரையிலிருந்து சரிந்து விழுகிறாள், தகுதி நீக்கம் செய்துவிடுகிறார்கள். அவள் ஜெயிக்கவில்லை.

திருச்சி_ரசிகை:
எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். கோட்டை முதலில் தாண்டியது யார்? அவள்தானே? அப்படியென்றால் ஜெயித்தாள். அதற்கப்புறம் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தவர்கள் என்ன எழுதினால் எனக்கென்ன. பெண் என்று தெரிந்ததும் தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான் கதை.

கிண்டி_பழசு:
அம்மா, இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பெண் என்பதால் தூக்கவில்லை, விழுந்ததால் தூக்கினார்கள். ஜாக்கி பந்தயத்துக்கு முன்னால் சேணத்தோடு தராசில் ஏறுவார், முடிந்ததும் மறுபடி ஏறுவார், நடுவில் யாரும் எடையில் விளையாடவில்லை என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு. அதனால் குறித்த அடைப்புக்குள் போகும் முன் குதிரையை விட்டு இறங்கக் கூடாது. படத்திலும் அதே காரணம்தான். முப்பது வருஷம் கிண்டி ரேஸ் மைதானத்தில் வெயிலில் நின்றவன் சொல்கிறேன், எடை சரியென்று அறிவிக்காமல் யாருக்கும் பணம் கிடையாது. வெல்வெட்டின் அப்பா கசாப்புக்கடைக்காரர், அவர் மகளுக்குத் தராசு தெரியாது என்றால் யார் நம்புவார்?

திருச்சி_ரசிகை:
நான்கு மைலுக்கு மேல் ஓட்டி, முப்பது தடைகளைத் தாண்டி, மயங்கி விழுந்த குழந்தையை "இறங்கினாள்" என்கிறீர்களே சார், மனசு கல்லா? கோட்டைத் தாண்டிய பிறகுதான் விழுந்தாள். பிறகு!

கிண்டி_பழசு:
பிறகோ முன்போ, விழுந்தாள். 1956 கிராண்ட் நேஷனல் தெரியுமா? இங்கிலாந்து ராணியின் தாயாருடைய டெவன் லாக் என்ற குதிரை முதலில் வந்துகொண்டிருந்தது. எல்லைக் கம்பத்துக்குக் கொஞ்ச தூரம்தான். அங்கே திடீரென்று நாலு காலும் பரப்பிக்கொண்டு வயிற்றில் விழுந்தது. ஓட்டியவர் டிக் பிரான்சிஸ், பின்னாளில் மர்ம நாவல்கள் எழுதினாரே, அவரேதான். இ.எஸ்.பி. என்ற குதிரை தாண்டிப் போய் ஜெயித்தது. "மனசால் டெவன் லாக்தான் ஜெயித்தது" என்று யாராவது கோப்பை கொடுத்தார்களா?

லகான்:
ஐயோ பெரியவரே, டெவன் லாக் கோட்டையே தாண்டவில்லை, வெல்வெட் தாண்டினாள். எதிர்க்கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

கிண்டி_பழசு:
தம்பி, போன மாதம் எம்.ஜி.எம். ஸ்டுடியோ படங்களின் பட்டியலில் உங்களைத் திருத்தியதிலிருந்து என் பின்னாலேயே வருகிறீர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் சொன்னது விழுவதைப் பற்றி.

லகான்:
திருத்தினீர்களா? வருஷத்தையே தப்பாகப் போட்டவர் நீங்கள். அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மழைக்காலம்:
நான் ஒன்று சொல்லலாமா? பெண் என்பதும் காரணம்தானே. அந்தக் காலத்தில் பெண்கள் கிராண்ட் நேஷனலில் ஓட்ட அனுமதியே இல்லை. 1975இல் பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் வந்த பிறகு, 1977இல்தான் சார்லட் புரூ முதல் பெண்ணாக ஓட்டினார், அவரும் முடிக்கவில்லை. 1982இல் ஜெரால்டின் ரீஸ் முடித்தார். வெல்வெட் விழாமல் உட்கார்ந்திருந்தாலும் விட்டிருப்பார்களா?

கிண்டி_பழசு:
விழாமல் இருந்திருந்தால் என்பது வேறு படம். இந்தப் படத்தில் விழுந்தாள். பிளாக்மோர் 2021இல் மினெல்லா டைம்ஸ் மேல் கடைசி வரை உட்கார்ந்திருந்தார், தராசில் ஏறினார், வரலாற்றில் பேர் இருக்கிறது. கொரோனாவால் கைதட்டக் கூட்டம்கூட இல்லை. அந்தப் பெண்ணின் உழைப்பைக் கொண்டுபோய் சினிமாவுக்குப் பாதி எழுதி வைக்கிறீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு குழந்தை நட்சத்திரமும் நிஜ ஜாக்கியும் ஒன்றா? ரேஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் ரேஸ் படத்துக்கு விமர்சனம் எழுதினால் இப்படித்தான்.

திருச்சி_ரசிகை:
ஆமாம், எனக்கு ரேஸ் தெரியாது. என் வீட்டில் யாரும் கிண்டியில் சம்பளத்தைத் தொலைக்கவில்லை. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது அம்மாதான். சின்ன வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவள், பரிசாகக் கிடைத்த நூறு பொற்காசை அப்படியே பரணில் வைத்திருக்கிறாள். ஒருநாள் மகளை மேலே கூட்டிப்போய் மொத்தத்தையும் கையில் கொடுக்கிறாள், பந்தயக் கட்டணம் கட்டு என்று. அழுகையும் இல்லை, பெரிய வசனமும் இல்லை. ஆன் ரெவியருக்கு ஆஸ்கர் சும்மா கொடுக்கவில்லை. அவளைப் பற்றி இங்கே ஒருத்தராவது பேசினீர்களா? தராசாம் தராசு.

கிண்டி_பழசு:
சம்பளத்தைத் தொலைத்தேன் என்று யார் சொன்னது? 1996இலேயே உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு என்று சொல்லியாகிவிட்டது, அது சென்னைப் பந்தய மன்றத்து வழக்குதான், போய்ப் படியுங்கள். அம்மா பாத்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா கால்வாயைக் கடந்து கரையேறினாள், நடுக்கடலில் நிறுத்தவில்லை. மகள் விழுந்தாள்.

செல்லுலாய்டு:
பெரியவர் எனக்கு ஆதரவாகப் பேசுகிறார், ஆனால் நான் எழுதவே இடம் கொடுக்கவில்லை. இருக்கட்டும். குதிரையைப் பற்றி யாரும் கேட்கவில்லையே? ஈனிட் பேக்னால்ட் 1935இல் எழுதிய நாவலில் கறுப்பு வெள்ளைத் திட்டுக் குதிரை, படத்தில் செம்பழுப்பு. கிங் சார்லஸ் என்ற குதிரையை நடிக்க வைத்தார்கள், பிறகு அதை டெய்லருக்கே கொடுத்தும் விட்டார்கள்.

லகான்:
பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் செம்பழுப்பு என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

செல்லுலாய்டு:
டெக்னிகலர், அதாவது கலர் படம் ஐயா அது! டெக்னிகலர்! படத்தையே பார்க்காமல் இவ்வளவு நேரம் வாதாடினீரா?

லகான்:
பாட்டி வீட்டு டிவியில் பார்த்தேன், கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதில் அவள் ஜெயித்தாள்.

கிண்டி_பழசு:
பெட்டி எந்த நிறமானாலும் விழுந்தாள். நாளை காலை விதிமுறையை முழுசாகத் தட்டச்சு செய்து போடுகிறேன்.

திருச்சி_ரசிகை:
போடுங்கள் சார். நான் அந்த விமர்சனத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை.