கடுங்குளிரில் காலை வாரிய வண்டி – உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்

போன குளிர்காலத்தில் எனக்கு நடந்தது இது. காலையில் மைனஸ் 20 டிகிரி. முதல் நாள் இரவு வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி, சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று மட்டும் சொல்கிறது, ஒவ்வொரு டிக்குக்கும் டாஷ்போர்டு விளக்குகள் மங்கி மங்கி எரிகின்றன. பின் சீட்டில் காய்ச்சலோடு மகள். அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

பேட்டரிக்கு ஐந்து வயது. கோடையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனதால் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆனால் பேட்டரியை உள்ளுக்குள் அரிப்பதே கோடை வெயில்தான், குளிர் அதை வெளியே காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மைனஸ் 18 வாக்கில் பேட்டரியின் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும், அதே நேரம் எஞ்சின் ஆயில் கெட்டியாகி எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கும். அதனால்தான் 5W-30, 0W-20 போன்ற ஆயில்களில் W-க்கு முன்னால் உள்ள எண் சின்னதாக இருப்பது குளிருக்கு நல்லது. எந்த ஆயில் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஜம்ப் கொடுத்தார், அதாவது அவர் வண்டி பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக என் வண்டிக்கு மின்சாரம் கொடுத்தார். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். சிவப்பு கேபிளை முதலில் என் பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்த முனையை அவர் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை அவர் பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை மட்டும் என் பேட்டரியில் மாட்டாமல், பெயின்ட் இல்லாத எஞ்சின் இரும்பில் மாட்டினார். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது என்றார். மாட்டுவதற்கு முன்னால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். சார்ஜ் இறங்கிய பேட்டரி உறைந்துபோகும், உறைந்ததற்கு ஜம்ப் கொடுத்தால் வெடிக்கலாம்.

இப்போதெல்லாம் குளிர் தொடங்கும் முன்பே மெக்கானிக்கிடம் லோடு டெஸ்ட் செய்துவிடுகிறேன். மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ் என்று அர்த்தம், ஆனால் சுமை ஏறும்போது தாங்குமா என்பதை லோடு டெஸ்ட்தான் சொல்லும்.

—

படிக்கும்போதே மனது பதறுகிறது, மகள் இப்போது நலம்தானே?

என் அனுபவம் கண்ணாடியில். நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி உப்பும் சேறும் கலந்த பனிக்கூழை என் கண்ணாடியில் வாரி இறைத்தது. வாஷரை அழுத்தினேன், மோட்டார் உறுமியது, ஒரு சொட்டு வரவில்லை. கோடையில் ஊற்றிய வெறும் தண்ணீர் டாங்கிலேயே ஐஸாகியிருந்தது. வைப்பர் அந்தச் சேற்றை இழுத்து இழுத்துப் பூச, உள்ளங்கை அளவு இடைவெளி வழியாகப் பார்த்தபடிதான் ஓரம் கட்டினேன். உறையாத வாஷர் திரவம் மாற்றினால் மட்டும் போதாது, குழாயில் நிற்கும் பழைய தண்ணீரும் தீரும்வரை அடித்து விட வேண்டும்.

எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டும் இதே கதைதான். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை தாங்கும். அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள் என்றால் அந்தக் கணக்கு மாறிவிடும், ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

—

நான் செய்த தப்பு டயரில். செலவை மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டுக்கு மட்டும் குளிர்கால டயர் போட்டேன். முன்பக்கம் பிடித்தது, பின்பக்கத்துக்குப் பிடிப்பே இல்லை. ஒரு வளைவில் பிரேக் தொட்டதும் வால் பக்கம் சுழன்று, வண்டி வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிரே யாரும் வராததால் தப்பித்தேன். நான்கும் போடுங்கள், மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப்போகும், பனியே இல்லாத சாலையிலும் வழுக்கும். அப்புறம் டயர் காற்று, குளிர் சுமார் 5, 6 டிகிரி கூடினால் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இறங்கும்.

—

மகள் நன்றாக இருக்கிறாள், கேட்டதற்கு நன்றி. டயர் விஷயம் எனக்குப் புதுசு, இந்த வாரமே பார்க்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பனியில் புதைந்த வண்டியை ஹீட்டருக்காக ஓடவிட்டு உள்ளே உட்காருபவர்கள், முதலில் சைலன்சர் குழாயின் வாயைச் சுற்றி பனியைத் தோண்டி எடுங்கள். அது அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது.

டீசல் வண்டிக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா? குளிரில் டீசலில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள். என் தம்பி அடுத்த மாதம் டீசல் வண்டி எடுக்கிறான், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.