வடித்த சோற்றில் சர்க்கரை இல்லையாம்!

ஆடுதுறையான்:

உறவினர் குழு ஒன்றில் இன்று காலை வந்த செய்தியைப் படித்துவிட்டு எரிச்சல் தாளாமல் இதை எழுதுகிறேன். குக்கரில் வைத்த சோற்றை உண்பதால்தான் நாட்டில் சர்க்கரை நோய் பெருகியதாம். பானையில் பொங்கிக் கஞ்சியை வடித்துவிட்டால் அரிசியின் சர்க்கரை முழுவதும் கஞ்சியோடு வெளியேறிவிடுமாம். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் வடித்த சோற்றை வயிறார உண்ணலாமாம். முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. சென்ற மாதம் இதே பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தபோது, 250 கிராம் பொன்னிப் புழுங்கலை உலையிலிட்டு, வெந்ததும் வடித்து, அந்தக் கஞ்சியை ஒரு சொட்டும் சிந்தாமல் இரண்டு எவர்சில்வர் தாம்பாளங்களில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தேன். இரண்டு நாள் வெயிலில் அது அப்பளம்போல் காய்ந்து ஓரம் சுருண்டது. சுரண்டி எடுத்து நிறுத்தேன்: 14 கிராம். சமைக்காத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து என்றால், நான் உலையில் இட்டதில் இருந்தது 195 கிராம். "முழுவதும்" என்ற சொல்லுக்கு அந்த உறவினரின் அகராதியில் என்ன பொருள் என்று யாராவது சொல்லுங்கள்.

சிப்பல்:

ஐயா, தாங்கள் படித்தவர். நான் சோறு வடித்துப் பழகியவள். கஞ்சியில் ஒன்றும் இல்லையென்றால் தங்கள் தகப்பனாரின் வேட்டி எப்படி விறைத்து நின்றது? மாவு வெளியேறுகிறது என்பதற்கு வண்ணான் துறையே சாட்சி. என் அப்பத்தா தொண்ணூற்றொரு வயது வரை வடித்த சோறுதான் உண்டார். ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. எங்கள் வீட்டுக்குக் குக்கர் வந்த பத்தாம் ஆண்டில் என் தந்தைக்குச் சர்க்கரை நோய் வந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

ஆடுதுறையான்:

கஞ்சியில் ஒன்றும் இல்லை என்று நான் எழுதவே இல்லை. 14 கிராம் இருக்கிறது என்றுதான் எழுதினேன். ஒரு வேட்டியை விறைக்க வைக்க அது தாராளமாகப் போதும், ஒரு மனிதரின் இரத்தச் சர்க்கரையை அடக்கப் போதாது. நால்வர் ஒரு வேளை உண்ணும் சோற்றில் தலைக்கு மூன்றரை கிராம் குறைகிறது. காப்பியில் போடும் ஒரு தேக்கரண்டிச் சீனிகூட அதைவிடக் கனம். குக்கர் வந்த காலத்தில் தங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சியும் மோட்டார் வண்டியும் வந்திருக்குமே, அவற்றின்மேல் ஏன் பழி போடவில்லை?

கிள்ளான்வாசி:

இரு தரப்பும் மறந்த ஒன்றை மலேசியாவிலிருந்து நினைவூட்டுகிறேன். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளில் ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு சாராருக்கு இந்தியப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடையே, பி-1 உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியது. புழுங்கல் உண்டவர்களிடையே பரவவில்லை. எங்கள் தோட்டப்புறத் தமிழர்களை அந்த நோய் அதிகம் அண்டாததற்கு அவர்கள் தட்டிலிருந்த புழுங்கல் சோறே காரணம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அது நீரில் கரைவது. ஆகவே கஞ்சியை வடித்துக் கொட்டுகிறவர் சர்க்கரையைக் கொட்டவில்லை, அந்த உயிர்ச்சத்தில் ஒரு பகுதியைத்தான் கொட்டுகிறார். எங்கள் பாட்டன்மார் கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தார்கள், சாக்கடைக்கு ஊற்றவில்லை.

உணவியல் மாணவி:

ஒரு சிறு வேண்டுகோள். "சர்க்கரை" என்று நீங்கள் சொல்வது சீனியையா, மாவுச்சத்தையா, இரத்தத்திலுள்ள குளுக்கோஸையா, நோயையா? ஆளுக்கொரு பொருளில் பேசுவதுபோல் தெரிகிறது. இதை முடிவுசெய்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

சிப்பல்:

ஆசிரியர் ஐயா நிறுத்த தராசு எது என்று முதலில் தெரிய வேண்டும். நகைக்கடைத் தராசா, காய்கறிக்காரரின் தராசா? வெயிலில் காய்ந்ததில் ஈரம் முழுவதும் போய்விட்டது என்பதற்கு என்ன உறுதி? மொட்டைமாடியில் காக்கை கொத்தியிருந்தால் கணக்கு என்னாவது? சென்ற ஆண்டு நல்லெண்ணெய் பற்றிய வாதத்தில், செக்கில் ஆட்டியதற்கும் ஆலையில் எடுத்ததற்கும் வேறுபாடே இல்லை என்று இவர் அடித்துப் பேசிவிட்டு, பிறகு தம் பதிவைச் சத்தமில்லாமல் நீக்கியதை நாங்கள் மறக்கவில்லை.

ஆடுதுறையான்:

நல்லெண்ணெய்ப் பதிவை நான் நீக்கவில்லை, திருத்தினேன். திருத்தியதற்கான குறிப்பு இன்றும் அங்கே இருக்கிறது. ஈரத்தைப் பற்றிய தங்கள் ஐயம் அருமையானது, ஏனென்றால் அது தங்களுக்கே எதிராகத் திரும்புகிறது: மிச்ச ஈரம் இருந்தால் உண்மையான மாவு 14 கிராமுக்கும் குறைவு. காக்கை கொத்தியிருக்கலாம் என்பதற்காக மெல்லிய துணியால் மூடியே வைத்தேன். தராசு சமையலறையில் உள்ளது. ஒவ்வொரு கிராமாகக் காட்டும். முன்னோருக்கு இந்நோய் இல்லை என்பதும் கட்டுக்கதை. இல்லாத நோய்க்கு மதுமேகம் என்று பெயரிட்டு, சிறுநீரை எறும்பு மொய்க்கும் என்று அடையாளமும் சொல்லிவைக்க நம் பழைய வைத்தியர்களுக்கு வேறு வேலை இல்லையா? தங்கள் அப்பத்தா வடித்த சோறு உண்டார் என்பதை ஏற்கிறேன். அவர் நெல் குத்தினார், நீர் இறைத்தார், நடவுக்குப் போனார், அரை மைல் நடந்து குடம் சுமந்தார். இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கஞ்சி வடிக்கும் சிப்பலை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி? 2023-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று காட்டியது. அவர்களில் ஒருவராவது வடித்த சோறுதானே என்று நம்பி இரண்டாம் முறை சோறு வாங்கினால், அந்த ஒரு கரண்டி தரும் மாவு வடிகஞ்சியில் போன மூன்றரை கிராமைப்போலப் பல மடங்கு. எனக்கு எரிச்சல் இதில்தான். ஆகவே மறுபடி கேட்கிறேன்: 195-இல் 14 போனால் முழுவதும் போனதாகுமா?

மண்பானை:

வடிப்பதில் சர்க்கரையைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் நிலத்தடி நீரில் ஆர்செனிக் நச்சு கலந்துள்ள வட்டாரங்களில், நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் அரிசியிலுள்ள நச்சில் கணிசமான பகுதி குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே முன்னோர் செய்ததில் பொருள் உண்டு. எங்கள் வீட்டில் கழனித் தண்ணீரும் வடிகஞ்சியும் மாட்டுக்குப் போகும். மாடும் நலம், நாங்களும் நலம்.

சிப்பல்:

பார்த்தீர்களா, நஞ்சே வெளியேறும்போது சர்க்கரை வெளியேறாதா? ஆசிரியர் ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

ஆடுதுறையான்:

பேச்சு சர்க்கரையைப் பற்றியது. நச்சு கரைந்து வெளியேறும். மாவில் பெரும்பகுதி கரையாது, அரிசிக்குள் வெந்து கூழாகிச் சோறாகிறது, அதனால்தான் அதற்குச் சோறு என்று பெயர். மண்பானைக்கு ஒரு திருத்தம்: அது கழனித் தண்ணீர் அல்ல, கழுநீர். கழனி என்றால் வயல். அரிசி கழுவிய நீரை வயலில் இருந்தா முகந்து வந்தீர்கள்?

மண்பானை:

எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாகக் கழனித் தண்ணீர்தான். மாடு இதுவரை இலக்கணப் பிழை சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. எழுத்துப் பிழை பார்ப்பவர்கள் சத்தைப் பற்றிப் பேச வந்ததேன்?

அடுக்களைக்காரி:

வடிப்பதன் பெருமையைப் பேசும் ஆண்கள் ஒருவராவது நாலு படிப் பானையைக் கவிழ்த்து, சிப்பலைத் துணியால் பிடித்து, ஆவி முகத்தில் அடிக்கக் கஞ்சி வடித்ததுண்டா? என் வலக்கை மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. பன்னிரண்டு வயதில் சிப்பல் நழுவியதன் அடையாளம். குக்கர் வந்த அன்று என் அம்மா அதற்குக் குங்குமம் வைத்தார். அந்த ஏனத்தை நஞ்சு என்று எழுதுகிறவரைப் பத்து நாள் உலைக்கு முன் நிறுத்தினால் தெரியும். சிப்பல் என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கும் இது சேர்த்துத்தான்.

சிப்பல்:

அம்மா, என் கையிலும் தழும்பு உண்டு. அதை நான் ஊருக்குக் காட்டிக்கொண்டு திரியவில்லை. ஒவ்வொரு நாளும் இன்றும் நான்தான் வடிக்கிறேன். என் பெயரை இழுப்பதை நிறுத்திக்கொண்டு பொருளைப் பேசலாம்.

உணவியல் மாணவி:

என் கேள்வியை யாரும் பார்க்கவில்லை போலும். 2024-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், நம் ஆற்றல் தேவையில் தானியத்தின் பங்கு பாதிக்கும் குறைவாக இருக்கட்டும், தட்டில் காய்கனி பெருகட்டும் என்கிறார்கள். எப்படி வேகவைத்தீர்கள் என்பதைவிட எவ்வளவு போட்டுக்கொண்டீர்கள், பக்கத்தில் கீரையும் பருப்பும் எவ்வளவு என்பதே முதல் கேள்வி. "சர்க்கரை" என்பதன் பொருளை இப்போதாவது...

கிள்ளான்வாசி:

தங்கச்சி சொல்வது சரி, ஆனால் புழுங்கலா பச்சரிசியா என்பதைச் சேர்க்காமல் அளவை மட்டும் பேசுவது அரைகுறை. பிளெட்சரைப் பற்றி நான் எழுதியதற்கு ஒருவரும் மறுமொழி தரவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.

சிப்பல்:

நேற்று நானே செய்து பார்த்தேன். 250 கிராம் பச்சரிசி, நன்றாகக் குழைய விட்டு வடித்தேன். காய்ந்த கஞ்சி 22 கிராம். பதினான்கு அல்ல, ஐயா. இருபத்திரண்டு.

ஆடுதுறையான்:

நான் நிறுத்தது புழுங்கல், தாங்கள் நிறுத்தது குழைந்த பச்சரிசி. மாங்காயைப் புளியங்காயோடு நிறுத்தால் இப்படித்தான் வரும். அப்படியே வைத்துக்கொண்டாலும் மிச்சம் 170-க்கு மேல் சோற்றிலேயே இருக்கிறது. "முழுவதும்" என்ன ஆயிற்று? நேற்று வைத்தது இன்றைக்குள் காய்ந்ததும் எனக்கு வியப்பாக இருக்கிறது. பாத்திரத்தின் எடையைக் கழித்தீர்களா?

சிப்பல்:

கழித்தேன். தாங்கள் தாம்பாளத்தைச் சுரண்டியபோது அடியில் ஒட்டிக்கொண்டதைக் கணக்கில் சேர்த்தீர்களா?