பிரிட்டிஷ் கடற்படை மாலுமிக்குக் கிடைத்த பரிசுப் பணம்: எப்படித் தேடுவது?

கேள்வி: நெப்போலியன் போர்க்காலத்தில் பிடிபட்ட எதிரிக் கப்பலை விற்ற பணத்தில் (பரிசுப் பணம்) சாதாரண மாலுமிக்கு எவ்வளவு வந்தது? எந்த ஆவணத்தில் தொடங்கலாம்?

பதில் 1: முதலில் மாலுமி வேலை செய்த கப்பலின் வருகைப் பதிவேடு. லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.டி.எம். (கடற்படைத் துறை ஆவணங்கள்) 36, 37 வரிசைகளில் இருக்கிறது. எதிரிக் கப்பல் பிடிபட்ட நாளில் ஆள் தன் கப்பலில் இருந்தாரா என்பதைப் பாருங்கள். பெயருக்கு எதிரே 'டி.டி.' என்றால் இறந்தவர். பங்கு வாரிசுக்குப் போகும். 'ஆர்' என்றால் ஓடிப்போனவர், பங்கு பறிபோகும். இந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காமல் கணக்குப் போட்டால் எல்லாமே வீண். பிடிபட்ட கப்பல்களின் வழக்கை விசாரித்த பரிசு நீதிமன்றத்தின் தாள்கள் எச்.சி.ஏ. (கடல்சார் உயர் நீதிமன்ற ஆவணங்கள்) 32-இல். பணம் வழங்கும் நாளை, அதைப் பிரித்துக் கொடுத்த முகவர்கள் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் அறிவித்தார்கள்.

பதில் 2: ஆண்டு முக்கியம். 1808-க்கு முன் எட்டில் 3 பங்கு கேப்டன் பக்கம் (அதில் ஒன்று அட்மிரலுக்கு), கடைநிலை மாலுமிகள் எல்லோருக்கும் சேர்த்து 2 பங்குதான். 1808-இல் கேப்டன் பக்கம் 2 ஆனது. சிறு அதிகாரிகளும் மாலுமிகளும் சேர்ந்து 4 பெற்றார்கள். அதற்குள் தேர்ந்த மாலுமிக்கு ஒன்றரைப் பங்கு, சாதாரண மாலுமிக்கு 1. உதாரணமாக, செலவு போக 8,000 பவுண்டு என்றால் எட்டில் 4, அதாவது 4,000 பவுண்டு இவர்களுக்கு. இவர்களின் பங்குகள் மொத்தம் 800 என்றால் பங்குக்கு 5 பவுண்டு. தேர்ந்த மாலுமிக்கு 7 பவுண்டு 10 ஷில்லிங்.

பதில் 3: ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிடிக்கும்போது கண்ணுக்கெட்டும் தூரத்தில் நின்ற நட்புக் கப்பல்களும் பங்கு கேட்கும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதனால் கெஜட்டைப் போர் நடந்த வருடத்தோடு நிறுத்தாமல் பின்னாலும் தேடுங்கள்.