ஸ்கேன் செய்தால் ஹைலைட்டர் நிறம் காணாமல் போகிறது, உதவி தேவை

மகள் எட்டாம் வகுப்பு. 'பொழுதுபோக்கில் வேதியியல்' என்ற மாணவர் போஸ்டர் போட்டிக்கு ஒளிரும் குச்சியை வரைந்திருக்கிறாள். குச்சியை மடக்கினால் உள்ளே கண்ணாடிக் குழாய் உடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆக்சலேட் எஸ்டர் என்ற வேதிப்பொருளும் கலந்து வினைபுரியும். அதில் வரும் ஆற்றலைக் குச்சியில் உள்ள சாயம் வாங்கி ஒளியாக விடும். இதைப் படிப்படியாக அழகாகக் காட்டியிருக்கிறாள். ஒளிக்கு மட்டும் மஞ்சள், பச்சை ஹைலைட்டர். சிக்கலே அங்கேதான்.

தாளில் பளிச்சென்று இருக்கிறது. ஸ்கேன் செய்தால் மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளை, பச்சை சாம்பல் பூத்த மாதிரி. ஹைலைட்டர் மை புற ஊதா, நீல ஒளியை வாங்கித்தான் மின்னும். ஸ்கேனர் விளக்கில் அது போதவில்லை போலும்.

ஏ4 தாள், ஃப்ளாட்பெட் ஸ்கேனர். 300, 600 டிபிஐ இரண்டிலும் பார்த்தாயிற்று. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் மொபைலில் எடுத்தேன்: மஞ்சள் பரவாயில்லை, ஆனால் தாள் முழுக்க நீலம். ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு.

கணினியில் நிறம் திருத்தக் கூடாது என்பது விதி. வெள்ளிக்கிழமை கடைசி நாள். மறுபடி வரையச் சொன்னால் அழுதுவிடுவாள் (நானும்தான்).

ஹைலைட்டர் மேலேயே கலர் பென்சில் தீட்டினால் ஸ்கேனில் நிறம் நிற்குமா, செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?