சின்னக் கடைகள் சேர்ந்து மொத்தமாக வாங்குவது: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்களுடையது குடும்பமாக நடத்தும் ஹார்ட்வேர் கடை. பக்கத்தில் பெரிய சங்கிலிக் கடை ஒன்று வந்த பிறகு, நாங்கள் மொத்த வியாபாரியிடம் வாங்கும் விலையைவிட அங்கே சில்லறை விலையே குறைவாக இருக்கிறது. எல்லாவற்றிலும் இல்லை. வாடிக்கையாளர்கள் விலையை ஞாபகம் வைத்திருக்கும் சில பொருள்களை மட்டும் நஷ்டத்துக்குக் கொடுத்து உள்ளே இழுக்கிறார்கள். லாபத்தை மற்றதில் எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பொருள்களில் நான் போட்டி போடப் போவதில்லை.

ஆனால் கொள்முதல் விலையைக் குறைத்தே ஆகவேண்டும். எங்களைப் போன்ற சில கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆர்டராக வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். புது யோசனை இல்லைதான்: அமெரிக்காவின் ஏஸ் ஹார்ட்வேர் 1924-இல் சிகாகோவில் இப்படித்தான் ஆரம்பித்தது, இன்று அது கடைக்காரர்களுக்கே சொந்தமான கூட்டுறவு.

இதைச் செய்து பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? பணத்தை யார் பொறுப்பில் வைப்பது, முன்கூட்டியே கட்டச் சொல்வதா? ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுக்காவிட்டால்? (அது யாராக இருக்கும் என்று இப்போதே தெரியும்.) அப்புறம், விற்காத சரக்கைத் திருப்பி எடுக்க மொத்த வியாபாரி ஒத்துக்கொள்வாரா? எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தால் அதில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.