புதுப்பிப்பு: ஊகாமர்ஸ் பிளகின்கள் சத்தமில்லாமல் அனுப்பும் தரவு

ஊகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தில் ஆன்லைன் கடை நடத்த உதவும் மென்பொருள்) கடையில் சேர்க்கும் பிளகின்கள், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள், வாடிக்கையாளர் தரவை எங்கே அனுப்புகின்றன என்று கண்டுபிடிக்க, செக்அவுட் (பணம் கட்டும்) பக்கத்தில் பிரவுசரின் ஆய்வுக் கருவியான டெவ்டூல்ஸைத் திறந்து, நெட்வொர்க் டேபில் வெளி டொமைன்களைத் தேடினால் போதும் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். போதாது.

பாதியில் விட்ட கார்ட்டை நினைவூட்டும் பிளகின்கள் பலவற்றில், மின்னஞ்சலை டைப் செய்து அடுத்த கட்டத்துக்கு நகர்ந்ததுமே, ஆர்டர் கொடுக்கும் முன்பே, அந்த மின்னஞ்சல் முகவரி போய்விடும். அந்தக் கோரிக்கை போவது நம் கடையின் சொந்த டொமைனுக்கு, பெரும்பாலும் பின்னணிக் கோரிக்கைகளை வாங்கும் வேர்ட்பிரஸின் அட்மின்-அஜாக்ஸ் கோப்புக்கு. வெளி டொமைன் வடிகட்டியில் அது சிக்காது. அங்கிருந்து சர்வர் வேறெங்காவது தள்ளிவிட்டால் பிரவுசருக்குத் தெரியவே தெரியாது. நெட்வொர்க் டேபில் பின்னணிக் கோரிக்கைகளை மட்டும் காட்டும் ஃபெட்ச்/எக்ஸ்எச்ஆர் வடிகட்டி போட்டு, பேலோடை, அதாவது அனுப்பிய தரவை, திறந்து பாருங்கள். டைப் செய்த மின்னஞ்சல் அப்படியே கிடக்கும்.

சர்வர் வெளியே அனுப்புவதைப் பார்க்க க்வெரி மானிட்டர் என்ற பிளகின். எச்டிடிபி ஏபிஐ அழைப்புகள் பகுதியில் எந்த பிளகின் எந்த இணைய முகவரியை அழைத்தது என்று வரும். ஆனால் அந்தப் பக்கம் திறந்தபோது நடந்தவை மட்டுமே. க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளில்) கிளம்புபவற்றுக்கு டபிள்யூபி க்ரான்ட்ரோல் பிளகினின் பட்டியலைப் பாருங்கள். (ஊகாமர்ஸின் சொந்தக் கண்காணிப்பு ஒளிவுமறைவில்லாதது, மேம்பட்ட அமைப்புகளில் டிக்கை எடுத்தால் நிற்கும்.)

வெளி அழைப்புகளை வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பிலேயே மொத்தமாகத் தடுக்கலாமே என்று கேட்டிருந்தார்கள். தடுக்கலாம். அனுமதிப் பட்டியலில் பேமென்ட் கேட்வேயையும் வேர்ட்பிரஸ்.ஆர்க்கையும் சேர்க்க மறந்தால் பணம் கட்டுவதும் அப்டேட்டும் படுத்துவிடும். வேர்ட்பிரஸின் வழியைத் தவிர்த்து நேரடியாக கர்ல் (வெளி சர்வர்களை அழைக்கும் பிஎச்பி வசதி) பயன்படுத்தும் பிளகினை இந்தத் தடை தொடாது. அதற்கு சர்வர் ஃபயர்வால்தான் வழி.