பி.காம் முடித்த பிறகு சிஏவா, வங்கித் தேர்வா?

கரூர்ப்பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். பி.காம் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன், இதுவரை 68 சதவீதம். வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார் அப்பா. எனக்கு சிஏ, அதாவது பட்டயக் கணக்காளர் படிப்பின் மேல்தான் ஆசை. வீட்டில் கடன் இருக்கிறது, ரொம்ப நாள் சம்பாதிக்காமல் இருக்க முடியாது. வழி சொல்லுங்கள்.

கிளைமேலாளர்:
அப்பா சொல்வதைக் கேளம்மா. நான் பொதுத்துறை வங்கியில் இருக்கிறேன். பொதுத்துறை வங்கிகளுக்கு அதிகாரிகளை எடுக்கும் ஐபிபிஎஸ் பிஓ தேர்வுக்கு 20 முதல் 30 வயது வரை, ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். பிரிலிம்ஸ், மெயின்ஸ், நேர்முகத் தேர்வு, அவ்வளவுதான். சேர்ந்த மாதமே முழுச் சம்பளம். சிஏ எப்போது முடியும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது.

பற்றுவரவு:
சார், ஏதாவது ஒரு பட்டம் போதும் என்று நீங்களே சொல்கிறீர்கள். என் கவலையே அதுதான். பிரிலிம்ஸில் ஆங்கிலம், கணிதத் திறன், ரீசனிங் மூன்றும்தான். இந்தப் பெண் மூன்று வருஷம் படித்த அக்கவுண்டன்சியில் இருந்து ஒரு கேள்விகூட வராது. இன்ஜினியரிங் முடித்தவர்களோடு, அவர்களுக்குக் கைவந்த பாடத்தில் போட்டி போட வேண்டும். அரை மார்க்கில் கட்-ஆஃப் தவறினால் அந்த ஒரு வருஷப் படிப்புக்கு வெளியில் எந்தக் கம்பெனியும் மதிப்புத் தராது.

சிஏ அப்படியில்லை. பி.காமில் 55 சதவீதம் இருந்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுத வேண்டாம், நேரே இரண்டாம் கட்டமான இன்டர். இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று பேப்பர். ஒவ்வொன்றிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். 2023இல் வந்த புதிய திட்டத்தில் ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிக்கிள்ஷிப்பை மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். இன்டர் தேர்வும் இப்போது வருஷத்துக்கு மூன்று முறை நடக்கிறது. ஃபைனல் தேறாமல் நின்றுபோனாலும் 'சிஏ இன்டர்' என்று கேட்டே ஆள் எடுக்கும் கம்பெனிகள் சென்னையிலும் கோவையிலும் நிறைய.

கிளைமேலாளர்:
நீங்கள் சொன்னதையே கூட்டிப் பாருங்கள். இன்டருக்கு ஒரு வருஷம். இரண்டு குரூப்பும் தேறினால்தான் ஆர்ட்டிக்கிள்ஷிப் தொடங்கும், அது இரண்டு வருஷம். அப்புறம் ஆறு மாதம் கழித்து ஃபைனல். எல்லாமே முதல் அட்டெம்ப்டில் தேறினால் மூன்றரை வருஷம். நடுவில் வரும் ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிக்காலப் பணம், கைச்செலவுக்குக் காணுமா? கடன் உள்ள வீட்டுப் பெண்ணுக்கு இந்த யோசனையைச் சொல்லலாமா?

வங்கிக்குப் போனால் படிப்பு வீண் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். கடன் பிரிவில் உட்கார்ந்தால் தினமும் பேலன்ஸ் ஷீட்தான். வங்கி ஊழியர்கள் எழுதும் ஜேஏஐஐபி தேர்வில் கணக்கியலுக்கென்று தனிப் பேப்பரே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரித் தேர்விலும் இரண்டாம் கட்டத்தில் நிதி, மேலாண்மை வருகிறது. பட்டத்தில் 60 சதவீதம் கேட்பார்கள், இவளிடம் அது இருக்கிறது.

திருப்பூர்க்கணக்கு:
இரண்டு பேருமே தேர்வையே பேசுகிறீர்கள். நான் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்டணும், 11ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டித் தாக்கல் செய்யும் 3பி. மாதம் தவறாமல் இந்த வேலை இருக்கிறது. நூல் சப்ளை செய்தவர் பில்லை ஏற்றாமல் விட்டால் நம் வரி வரவுப் பட்டியலான 2பியில் அது வராது. 2பியில் வராவிட்டால் கட்டிய வரிக்கு வரவு எடுக்க முடியாது, முதலாளி காசு அப்படியே நிற்கும். கொள்முதல் கணக்கோடு ஒப்பிட்டு அதைக் கண்டுபிடித்து, சப்ளையருக்குப் போன் போட்டு ஏற்ற வைக்கிற ஆள் சுலபத்தில் கிடைப்பதில்லை. கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி கம்பெனிகள் எத்தனை இருக்கின்றன! தங்கச்சி, டேலி கணக்கு சாஃப்ட்வேரும் ஜிஎஸ்டியும் கையில் இருந்தால் அடுத்த மாதமே வேலைக்குப் போகலாம்.

பற்றுவரவு:
அக்கா, அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வருஷக் கடைசியில் கம்பெனியின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் சிஏதான். பத்து வருஷ அனுபவம் இருந்தாலும் சட்டப்படி அந்தக் கையெழுத்தை நீங்கள் போட முடியாது. 21 வயதில் விட்டதை 30 வயதில், குடும்பம் குழந்தை என்றான பிறகு பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் ஆபீஸிலேயே பார்க்கிறேன்.

திருப்பூர்க்கணக்கு:
யார் விடச் சொன்னது? ஆடிட்டர் ஆபீஸில் உதவியாளராகச் சம்பளத்துக்குச் சேரட்டும். காலையும் ராத்திரியும் இன்டருக்குப் படிக்கட்டும். ஒரு சமயத்தில் ஒரு குரூப் மட்டும் எழுதலாமே.

பற்றுவரவு:
எழுதலாம். ஆனால் வரி ரிட்டர்ன் சீசனில் ராத்திரி ஒன்பது மணி வரை ஆபீஸில் இருந்துவிட்டு எப்போது படிப்பது? நல்ல ஆடிட்டராகப் பார்த்து, தேர்வுக்கு முன்னால் ஒன்றரை மாதம் லீவு தருவாரா என்று சேரும்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

கிளைமேலாளர்:
இது ஆகாத காரியம் இல்லை, ஆனால் நானாக இருந்தால் செய்ய மாட்டேன். கிளார்க் தேர்வையாவது எழுதி வையம்மா. நேர்முகத் தேர்வு கிடையாது, 28 வயது வரை எழுதலாம், நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கலாம். பிஓ என்றால் எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது, அதையும் வீட்டில் யோசியுங்கள்.

கரூர்ப்பொண்ணு:
ரொம்ப நன்றி சார், அண்ணா, அக்கா. ஆடிட்டர் ஆபீஸ் வேலையும் முதல் குரூப்பும் என்று அப்பாவிடம் பேசப் போகிறேன். கிளார்க் தேர்வுக்கும் விண்ணப்பிக்கிறேன். அண்ணா, ஒரு சந்தேகம். குரூப் தேறாமல் ஒரு பேப்பரில் மட்டும் 60 எடுத்தால், அதைத் திரும்ப எழுத வேண்டுமா?

பற்றுவரவு:
மூன்று பேப்பரும் எழுதியிருந்தால் 60 எடுத்த பேப்பருக்கு அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு விலக்கு உண்டும்மா. அதனால் கஷ்டமான பேப்பர் என்று எதையும் எழுதாமல் விடாதே.